கேட்டால்தான் புலை

பாறசாலைச் சந்தைக்கு மேற்கே வேலாயுதன் நாயரின் சாயக்கடையில் அந்த வாரம் முழுவதும் இரண்டே பேச்சுதான். திருநாள் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு யாருக்கு டிக்கெட் கிடைக்கும் என்பது ஒன்று. சிவானந்தம் பிள்ளை சனிக்கிழமை வரை தாங்குவாரா என்பது மற்றொன்று. இரண்டையும் ஒரே குரலில், ஒரே மூச்சில் பேசினார்கள். மனிதருக்கு வெட்கம் என்று ஒன்று உண்டு என நம்புகிறவர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருந்ததே நல்லது.

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றுப் பதின்மூன்று, தை மாதம். எங்கள் பாறசாலை யூனியன், அறுத்த வயலில் வெறுங்காலோடு உதைத்துப் பழகிய அணி. திருவனந்தபுரத்தில் கயிறு கட்டி, பெஞ்சு போட்டு, டிக்கெட் கிழித்து நடத்துகிற இறுதி ஆட்டம் வரை அது போனது அதுவே முதல் தடவை. எதிரே நகரத்து அணி. அதில் பாதிப் பேருக்குக் காலில் பூட்ஸ் உண்டு.

டிக்கெட் கட்டு தாணு பிள்ளையின் மடியில் இருந்தது. நெய்யாற்றின்கரைக் கச்சேரியில் குமாஸ்தா, அணிக்குக் காரியதரிசி. உட்கார்ந்து பார்க்கிற பெஞ்சு டிக்கெட் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் கயிற்றுக்கு வெளியே நிற்கிற தரை டிக்கெட்.

"எனக்குப் பெஞ்சு டிக்கெட் ரெண்டெண்ணம் வேணும் பிள்ளே," என்றான் சுந்தரதாஸ். கருப்பட்டி வியாபாரி. காஞ்சிரங்குளம் வரை அலைந்து அணிக்கு ஆள் சேர்த்தவன் அவன்தான்.

"பெஞ்சு தீந்துபோச்சு. தரை உண்டு."

"நேத்து ஒற்றசேகரமங்கலத்துக்காரருக்குக் குடுத்தீரே?"

"அவரு நமக்கு சம்மந்தக்காரராக்கும்."

"கோயில் நடையை எல்லாருக்கும் தொறந்து வருசம் ஒண்ணு கழிஞ்சு. உம்ம பெஞ்சு இன்னும் தொறக்கல்லியே பிள்ளே."

கடையில் சிரிப்பு எழுந்தது. தாணு பிள்ளைக்கும் சிரிப்பு வந்தது. ஒரு பெஞ்சு டிக்கெட்டை உருவி சுந்தரதாசின் முன்னால் போட்டார். அவன் அதைச் சட்டைப் பையில் வைத்து, வைத்த இடத்தைத் தொட்டும் பார்த்துக்கொண்டான்.

"டிக்கெட்டு கெடக்கட்டும். ஆடப்போறது ஆரு?" என்று கேட்டான் வேலாயுதன், சாயாவை ஆற்றிக்கொண்டே. "கோல் காக்கப்பட்ட ஜெயதாசுக்க வெரலு பிளந்து கெடக்கு. விஜயதாசு காய்ச்சல்ல கெடந்து இப்பம்தான் எந்திச்சான். கடசி மூணு ஆட்டத்திலயும் கோல் அடிச்சது பூதலிங்கம் ஒருத்தனாக்கும். அவன் இல்லேன்னா நாம கோப்பையப் பாக்க மட்டும்தான் போணும்."

"அவன் உண்டும்லா."

"அவனுக்க அப்பன் கண்ணடச்சா?"

சிரிப்பு நின்றது. பூதலிங்கம், சிவானந்தம் பிள்ளைக்கு ஒரே மகன். அப்பாவுக்கு வயிற்றில் நீர் கட்டி, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. சாவுத் தீட்டைத்தான் எங்கள் பக்கம் புலை என்பது. அப்பா இறந்தால் மகன் தீ வைக்க வேண்டும். பதினாறாம் நாள் அடியந்திரம் முடியும்வரை வீட்டோடு இருக்க வேண்டும். அவனை யாரும் தொடக்கூடாது. தொட்டவன் குளிக்க வேண்டும். தொடாமல் பந்து விளையாடுகிற வித்தையை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

தாணு பிள்ளை கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் இவ்வளவு கெடுதல் செய்திருக்க மாட்டார். சாஸ்திரம் தெரிந்தவர், அதுதான் வினை. சிவானந்தம் பிள்ளைக்கு அண்ணன் மகன் வேறு.

"கேட்டாத்தான் புலை," என்றார் அவர். "கொழும்புல இருக்கப்பட்டவனுக்கு ஆறு மாசம் கழிஞ்சு காயிதம் வந்தா, அண்ணைக்குத்தான் அவனுக்குப் புலை தொடங்கும். அதுவரை அவன் கோயிலுக்குப் போனதும் குத்தமில்ல, கல்யாணத்துல உண்டதும் குத்தமில்ல. காதுல விழாதவன் சுத்தம்."

எல்லோருக்கும் தெரிந்த விதிதான். அதை இப்படி ஒரு காரியத்துக்கு எடுக்கலாம் என்பதுதான் அன்றுவரை யாருக்கும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமையே அணியை நகரத்துக்கு அனுப்பிவிட ஏற்பாடு ஆயிற்று. தண்ணி பழக வேண்டும், தரை பழக வேண்டும் என்று சொல்லிக்கொண்டார்கள். பூதலிங்கம் போக மனமில்லாமல் அப்பாவின் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அம்மா உமையம்மாள்தான் அனுப்பினாள்.

"போயிட்டு வா மக்கா. நீ பந்தடிக்கது அப்பாவுக்கு இஷ்டம்லா. வல்லதும் ஒண்ணுன்னா ஆள் விடுவேன். கேட்ட நிமிசம் வந்துரணும். உனக்க கை இல்லாம அவருக்கு வேற கை வேண்டாம்."

"கேட்ட நிமிசம் வந்துருவேன் அம்மா," என்றான் பூதலிங்கம்.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு வழக்கம் இருந்தது. தாணு பிள்ளை காலையில் கோயிலுக்குப் போய்ச் சந்தனப் பிரசாதத்தை வாழையிலைத் துண்டில் வாங்கி வருவார். களத்தில் இறங்குமுன் தம் கையால் பூதலிங்கத்தின் நெற்றியில் தொட்டு வைப்பார். தொட்டு வைக்காமல் அவன் ஆடியதில்லை. சனிக்கிழமையும் அவர் வெளுக்குமுன் எழுந்து கோயிலுக்குப் போய், அங்கிருந்து நேரே பாறசாலையில் நின்ற மோட்டார் வண்டியில் ஏறினார். வண்டி நிறைய ஆள். ஒருவன் செண்டை கொண்டுவந்திருந்தான். உதியன்குளங்கரையிலும் அமரவிளையிலும் ஆளுக்காக நின்று நின்று, நெய்யாற்றின்கரைக்கு வரும்போது வெயில் ஏறிவிட்டது. அங்கேயும் ஆட்கள் காத்திருந்தார்கள். வண்டிக்காரன் தண்ணீர் ஊற்றினான். தாணு பிள்ளையும் வேலாயுதனும் சுந்தரதாசும் சாலையோரக் கடையில் சாயா குடிக்க இறங்கினார்கள்.

அப்போதுதான் ஞானையன் சைக்கிளில் வந்து சேர்ந்தான். சிவானந்தம் பிள்ளையின் விளையில் தென்னையைப் பார்த்துக்கொள்கிறவன். கடைக்குள் வரவில்லை, தண்ணீர் கேட்கவில்லை, வெயிலிலேயே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். துட்டி, அதாவது சாவுச் செய்தி, சொல்ல வருகிறவன் அப்படித்தான் நிற்பான். வேலாயுதனும் சுந்தரதாசும் அவனைப் பார்த்தார்கள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

தாணு பிள்ளை எழுந்து போனார். மற்ற இருவரும் பின்னால் போனார்கள்.

"எப்பம்?"

"வெளுத்துக் கொஞ்ச நேரம் கழிஞ்சு ஏமானே. கஞ்சித்தண்ணி கேட்டாரு. அம்ம கொண்டு வரதுக்குள்ள போயாச்சு." ஞானையன் துண்டால் முகத்தைத் துடைத்தான். "பிள்ளை வந்துதான் தீ வைக்கணும்னு அம்ம பறஞ்சாவ. சூரியன் அடையும் வரை பாத்திருப்பாவளாம். நான் திருவனந்தபுரத்துக்குப் போணும்."

தாணு பிள்ளை சற்று நேரம் சாலையைப் பார்த்தார். ஆட்டம் நாலு மணிக்கு. அது முடிந்து புறப்பட்டால் சூரியன் அடையுமுன் ஊர் சேர முடியாது. அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

"நீ போண்டாம். இந்த வெயில்ல சைக்கிளு சவிட்டி எப்பம் சேருவ? நாங்க மோட்டார்லதானே போறோம். நான் பாத்துக்கிடுதேன். பிள்ளை வந்துருவான்னு சித்தியிட்ட பறஞ்சிரு."

ஞானையன் ஒரு கும்பிடு போட்டுச் சைக்கிளைத் திருப்பினான். "வாறேன்" என்று சொல்லவில்லை. துட்டி சொன்னவன் சொல்லக்கூடாது.

"நல்லா இருக்காது பிள்ளே," என்றான் சுந்தரதாஸ். "அப்பன் முத்தத்துல கெடக்கேல மகன் பந்தடிக்கதா?"

"அப்பம் வண்டியத் திருப்பச் சொல்லு. பூதலிங்கம் இல்லேன்னு நீயே போயி அவனுவகிட்ட சொல்லு."

வண்டியில் செண்டை முழங்கிக்கொண்டிருந்தது. காஞ்சிரங்குளத்துப் பையன்கள் டிக்கெட்டைத் தொப்பி மாதிரி மடித்துத் தலையில் வைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கூட்டி வந்தவன் சுந்தரதாஸ். அவன் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய் பெஞ்சு டிக்கெட்டைத் தொட்டது.

"செயிச்ச உடனே சொல்லிரணும். ஒரு நிமிசம் பிந்தப்பிடாது," என்றான். அவனுடைய நியாயம் அவ்வளவோடு முடிந்தது.

வேலாயுதனுக்கு வேறு கவலை. "அவனுக்குக் கேட்டாத்தான் புலை. உமக்குக் கேட்டாச்சே?"

தாணு பிள்ளை திடுக்கிட்டார். இறந்தவர் சொந்தச் சித்தப்பா. காதில் விழுந்த நிமிஷமே அவருக்குப் புலை. கையில் கோயில் சந்தனம் வேறு. இலையைச் சட்டென்று கடைப் பெஞ்சில் வைத்துவிட்டார். வேலாயுதன் அதை எடுத்துக்கொண்டான். அவர் நெய்யாற்றுக்கு இறங்கி, உடுத்த வேட்டியோடு முங்கி, நெற்றிச் சந்தனமெல்லாம் கரைந்து, ஈரத்தோடு வண்டி ஏறினார். கால் வழுக்கிவிட்டது என்று கேட்டவர்களிடம் சொன்னார். மனிதரை ஏமாற்றத் துணிந்தவருக்கு, மறுபடி சந்தனத்தைத் தொடத் துணிவு வரவில்லை.

நகரத்தில் ஒரு சத்திரத்து மாடியில் அணி தங்கியிருந்தது. அவர்கள் போய்ச் சேரும்போது உச்சை, நடுப்பகல். எல்லோரும் உண்டு முடித்திருந்தார்கள். ஜெயதாஸ் விரலில் துணி சுற்றிக்கொண்டிருந்தான். பூதலிங்கம் சன்னலோரம் உட்கார்ந்திருந்தவன் எழுந்து வந்தான்.

"அப்பாவுக்கு எங்ஙன உண்டு அண்ணே?"

"நான் காலம்பற உங்க வீட்டுக்குப் போகல்ல மக்கா. கோயிலுக்குப் போயிட்டு நேரே வண்டி ஏறியாச்சு," என்றார் தாணு பிள்ளை. அதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. இப்படிப்பட்ட உண்மையைவிடப் பச்சைப் பொய்யே மேல்.

வேலாயுதன் இலையைப் பிரித்துக்கொண்டு முன்னால் வந்தான். பூதலிங்கம் அவனைப் பார்க்கவில்லை. தாணு பிள்ளையைப் பார்த்தான்.

"அண்ணன் தொட்டு வைக்கல்லியா?"

"கையில ஒரு முறிவு. நாயரு வைக்கட்டும்."

பூதலிங்கம் அவர் கையைப் பார்த்தான். காயம் ஒன்றும் இல்லை. நெற்றியைப் பார்த்தான். அவன் பிறந்த நாளிலிருந்து பார்த்த அந்த நெற்றியில் அன்றுதான் சந்தனம் இல்லை. பிறகு அவன் கண் வேட்டிக் கரைக்குப் போயிற்று; அங்கே ஆற்று மணல் காய்ந்து ஒட்டியிருந்தது. கீழே தெருவில் செண்டை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"டிக்கெட்டு எல்லாம் போச்சா அண்ணே?"

"எல்லாம் போச்சு மக்கா. ஒண்ணு பாக்கி இல்ல."

"ஊரு முழுக்க வந்திருக்கோ?"

"வந்திருக்கு. உன்னைப் பாக்கத்தான் வந்திருக்கு."

வேலாயுதன் சந்தனம் தொட்ட விரலை நீட்டினான். பூதலிங்கம் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"இப்பம் வேண்டாம் நாயரே. செயிச்ச பொறவு போடலாம்."

ஏதோ நேர்ச்சை போலிருக்கிறது என்று தாணு பிள்ளை நினைத்துக்கொண்டார். பெரிய பாரம் இறங்கின மாதிரி அவருக்கு மூச்சு வந்தது. சாஸ்திரம் அதிகம் படித்தவர்களுக்குப் பக்கத்தில் இருக்கிற முகம் தெரிவதில்லை.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே நகரத்து அணி ஒரு கோல் போட்டது. ஜெயதாசின் கை பந்துக்குப் போயிற்று. பிளந்த விரல் பிடிக்க விடவில்லை. விஜயதாஸ் ஓடி ஓடி இருமினான். தரை டிக்கெட்டுக்காரர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினார்கள். பெஞ்சுக்காரர்கள் கத்துவது மரியாதையா என்று யோசித்துவிட்டுக் கத்தினார்கள். பூதலிங்கம் மட்டும் ஒரு சத்தமும் இல்லாமல் ஆடினான். பந்து வெளியே போகும்போதெல்லாம் மேற்கே திரும்பிச் சூரியனைப் பார்த்தான். அது கண்ணில் பட்டது சுந்தரதாசுக்கு மட்டும்தான். முதல் கோலைப் பூதலிங்கம் காலால் அடித்தான். இரண்டாவதை, ஆட்டம் முடியப்போகும் நேரத்தில், எழும்பி நெற்றியால் முட்டி உள்ளே தள்ளினான்.

கயிறு அறுந்தது. பாறசாலை முழுவதும் களத்துக்குள் ஓடிற்று. அவனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஆடினார்கள். ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார்கள். அவன் இறக்கிவிடச் சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை. சூரியன் அப்போது மரங்களுக்கு மேலே ஒரு முழ உயரத்தில் இருந்தது.

வேலாயுதன் மறுபடி இலையைப் பிரிக்கவில்லை. சுந்தரதாஸ் தாணு பிள்ளையின் தோளைத் தொட்டு, "சொல்லும்," என்றான். அவர் கூட்டத்தை விலக்கிப் போய், தோளிலிருந்து இறக்கிவிட்ட பூதலிங்கத்தின் காதருகே குனிந்தார்.

"மக்கா, சித்தப்பா..."

"வண்டி எங்க நிக்குது?" என்றான் பூதலிங்கம்.

எப்போது என்று அவன் கேட்கவில்லை. யார் சொன்னது என்றும் கேட்கவில்லை. அதிர்ச்சியில் வாய் அடைத்துவிட்டது என்று தாணு பிள்ளை நினைத்து அழுதார். அந்த அழுகை உண்மையானதுதான்.

வண்டியில் செண்டையைத் துணி போட்டு மூடி வைத்தார்கள். கோப்பை ஒருவன் மடியிலிருந்து இன்னொருவன் மடிக்குப் போயிற்று. கடைசியில் கால்மாட்டில் கிடந்தது. விஷயம் ஒருவர் வாயிலிருந்து ஒருவர் வாய்க்குப் போய் வண்டி முழுவதும் தெரிந்துவிட்டது. தெரிந்தவன் ஒவ்வொருவனும் சன்னல் வழியாக வெளியே பார்த்தான். நெய்யாற்றுப் பாலம் தாண்டும்போது இருட்டியிருந்தது.

வீட்டுக்குத் தெற்கே விளையில் தீ எரிந்து தணிந்துகொண்டிருந்தது. சூரியன் அடையும்வரை பார்த்திருந்தார்கள். அடைந்த பிறகும் பார்த்திருந்தார்கள். பிள்ளை வந்துருவான் என்று ஞானையன் வந்து சொல்லியிருந்ததால் வேறு ஆள் விடவும் இல்லை. கடைசியில் பெரியவர்கள் இனி வைத்திருக்கக் கூடாது என்றார்கள். தாணு பிள்ளையின் தம்பி ஈர வேட்டியோடு குடம் சுமந்து மூன்று சுற்று வந்து தீ வைத்தான். தீ வைத்தவன்தான் இனி அடியந்திரம் வரை எல்லாம் செய்ய வேண்டும். அதைப் பாதியில் இன்னொருவன் கைக்கு மாற்ற வழியில்லை.

உமையம்மாள் முற்றத்தில் உட்கார்ந்திருந்தாள். வந்தவர்கள் வேலிக்கு வெளியே நின்றுவிட்டார்கள். பூதலிங்கமும் தாணு பிள்ளையும் மட்டும் உள்ளே போனார்கள்.

"சித்தி, இவனுக்குத் தெரியாது," என்றார் தாணு பிள்ளை. "ஞானையனை நான் நெய்யாற்றின்கரையில வச்சு மடக்கி அனுப்பினேன். ஆட்டம் முடியும் வரை இவன் காதுல ஒரு வார்த்தை விழல்ல. குத்தம் எனக்காக்கும். சத்தியம்."

அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. பக்கத்தில் இருந்த ராந்தலை எடுத்துக்கொண்டு எழுந்து, மகனின் முகத்துக்கு நேரே உயர்த்தினாள். நெற்றியில் மைதானத்து மண் இருந்தது. வெகுநேரம் பார்த்தாள்.

"பந்தடிக்கப் போற நாளு சந்தனம் இல்லாம நீ இருந்ததில்லியே மக்கா."

"வேர்வையில போயிருக்கும் சித்தி," என்றார் தாணு பிள்ளை.

"வேர்வையில போகல்ல," என்றான் பூதலிங்கம். "நான் போடல்ல அம்மா. நாயரு வச்சுத் தந்தாரு. நான் வேண்டாம்னேன்."

தாணு பிள்ளை அவனைத் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

"எப்பம் தெரிஞ்சுது?" என்று கேட்டாள் உமையம்மாள்.

"உச்சைக்கு. அண்ணனுக்க நெத்தியக் கண்டப்பம்."

"வண்டி இல்லியா?"

"உண்டு."

"வந்திருக்கலாம்."

"வந்திருக்கலாம் அம்மா. ஆரும் வாயால சொல்லல்லியேன்னு இருந்துட்டேன்." அவன் அழத் தொடங்கினான். பெரிய ஆணின் அழுகை, கேட்கச் சகிக்கவில்லை.

அவள் அழவில்லை. ராந்தலைக் கீழே வைத்தாள்.

"செயிச்சாச்சா?"

"செயிச்சாச்சு."

"தோள்ல தூக்கியிருப்பாவளே."

அவள் வேலிப் பக்கம் பார்த்தாள். அங்கே நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி, ஆனால் சத்தம் போடாமல் சொன்னாள்.

"உனக்குப் புலை உச்சைக்கே தொடங்கியாச்சு மக்கா. தொட்டவியள எல்லாம் குளிச்சிட்டு வீட்டுக்குப் போவச் சொல்லு."

வேலிக்கு வெளியே யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. முதலில் வேலாயுதன் திரும்பினான். பிறகு ஒவ்வொருவராக வயலோரத்துக் குளத்துக்கு நடந்து, தை மாதக் குளிரில், உடுத்த துணியோடு இறங்கினார்கள். சுந்தரதாஸ் வேதக்காரன், கிறிஸ்தவன்; அவன் ஆட்களுக்குப் புலை கிடையாது. அவனும் இறங்கினான். முங்கி எழுந்தபோது சட்டைப் பையில் பெஞ்சு டிக்கெட் கூழாகிக் கிடந்தது. கோப்பையைக் குளத்துப் படியில் யாரோ வைத்திருந்தார்கள். கரையேறிப் போகும்போது அதை எடுக்க ஒருவரும் குனியவில்லை.